தொள்ளாயிரத்துக்குப் பிறகு மூன்று முட்டை

அந்த விளையாட்டுச் சாமான் என்னுடையதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நான் சொல்லப்போவது அடுத்தவர் பொருளில் நான் செய்த பிழையைப் பற்றி. என்னோடு ஒரே அறையில் ஏழு வருடம் படுத்தெழும்பிய ஓர் அண்ணை அதை வைத்திருந்தார். சரியாகச் சொன்னால் அது அவருடையதும் அல்ல. ஊரில் இருந்த மகளுக்கென்று வாங்கி, மகள் வந்து சேரும்வரைக்கும் அவர் காவல் இருந்தார், அவ்வளவுதான்.

இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய சாமான். வெள்ளி நிறத் தகட்டு முகம், நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி, இடமும் வலமும் மேலுக்கொன்று கீழுக்கொன்றாக நாலு பெரிய பொத்தான். கண்ணாடிக்குள் நாலு சரிவு, ஒவ்வொரு சரிவின் தலைப்பிலும் ஒரு கோழி. கோழி இடுகிற முட்டை சரிவில் உருண்டு வரும். கீழே கூடையோடு நிற்கிற ஓநாய் அதை ஏந்த வேண்டும். எந்தப் பொத்தானை அமத்துகிறோமோ அந்தப் பக்கம் ஓநாய் திரும்பும். மூன்று முட்டை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. இப்போதைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், பிறகு என்ன நடக்கும் என்று கேட்பார்கள். பிறகும் முட்டைதான்.

நாங்கள் மொஸ்கோ வழியாக லண்டனுக்கு வந்தவர்கள். எண்பதுகளின் பிற்பாதியில் அந்த வழியால் வந்த எங்கட ஆட்கள் நிறையப் பேர். அண்ணையை நான் முதலில் கண்டது அங்கேதான், அடுத்த விமானத்துக்கு ஆள் வந்து கூப்பிடும்வரை எங்களை வைத்திருந்த ஒரு மாடிவீட்டில். ஏழு கிழமை, இரண்டு மாதத்துக்குக் கிட்ட, இருந்தோம். வெளியே போகக்கூடாது. யன்னலால் பனியைப் பார்க்கலாம், அல்லது ஆளையாள் பார்க்கலாம். இரண்டும் ஒரு மாதிரித்தான் இருந்தன.

அந்த வீட்டுக்காரிக்கு அண்ணையின் மடக்குக் குடையில் ஆசை. கொழும்பில் புறப்படும்போது, லண்டனில் ஓயாமல் மழையாம் என்று யாரோ சொல்லி வாங்கிவந்த குடை. விரித்துப் பார்ப்பாள், மடக்குவாள், திரும்ப விரிப்பாள். கடைசியில் ஒருநாள் அந்த ஓநாய்ச் சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் குடையைக் காட்டினாள். அண்ணைக்கு ஊரில் இரண்டு வயதில் ஒரு மகள். அவர் மறுபடி யோசிக்கவில்லை. லண்டனில் முதல் மாரி முழுக்க அவர் நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போனார்.

வீட்டுக்காரி இன்னொன்றும் சொன்னாள். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த எங்கட ஆள் ஒருவர் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஆயிரம் முட்டை பிடித்தால் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு கார்ட்டூன் படம் ஓடுமாம். அவளுடைய பக்கத்துவீட்டுக்காரியின் உறவுக்காரப் பிள்ளை பார்த்ததாம். எங்கள் ஊரில் பேயைக் கண்டவனும் எப்போதும் இப்படித்தான், பக்கத்துவீட்டுக்காரியின் உறவுக்காரனாக இருப்பான். ஆனாலும் நாங்கள் நம்பினோம். கள்ளப் பாஸ்போட்டை நம்பி வந்தவர்களுக்கு ஒரு படத்தை நம்புவது பெரிய வேலையா?

ஈஸ்ட் ஹாமில் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நான் பெற்றோல் ஸ்டேசனில், அண்ணை மாக் குழைத்துப் பாண் போடுகிற தொழிற்சாலையில், மற்றவர்கள் அங்குமிங்கும். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஆறு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நாட்கள் மிகக் குறைவு. எல்லாருடைய அகதிக் கேஸும் இழுபட்டுக்கொண்டிருந்தது. தபால்காரன் கதவு ஓட்டைக்குள் கடிதத்தைத் தள்ளும் சத்தம் கேட்டால் ஆறு பேரின் கழுத்தும் ஒன்றாகத் திரும்பும். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், கதைக்கு ஒரு சொல் வைத்திருப்பார். அவர்தான் ஒருநாள் ஓநாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இவனும் எங்களைப்போலதான். எந்தப் பக்கத்தால வருமெண்டு தெரியாமக் கூடையோட நிக்கிறான்."

ஓநாய் என்று நான் எழுதுகிறேன். அந்த வீட்டில் அதற்குப் பெயர் நரி. எங்களில் ஒருவரும் ஓநாயைக் கண்டதில்லை. கோழிக்கூட்டுக்குக் கிட்ட நிற்கிறதென்றால் அது நரிதான் என்பது அண்ணையின் தீர்ப்பு.

சமையல் முறையைத் தீர்ப்பதும் நரிதான். அதற்கு முன்பு சமையலால் வராத சண்டையில்லை. நான் நேற்று, நீ முந்தாநாள், அவன் இந்தக் கிழமை முழுக்கக் கள்ளம் என்று. பெரியவர்தான் வழி சொன்னார். வீட்டில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு ஆட்டம் ஆடுவது, குறைந்த முட்டை பிடித்தவர் அன்றைக்குச் சமைப்பது. இன்னொரு சட்டமும் சேர்ந்து வந்தது. ஒருவரின் முறையில் மற்றவர் அடுப்பில் கை வைக்கக்கூடாது. கறியைக் கிளறவும் கூடாது, உப்புப் பார்க்கவும் கூடாது. சோறு குழைந்தாலும் கறி கரிந்தாலும் பழி ஒரே தலையில் விழவேண்டும் என்பதற்காக. இந்தச் சட்டத்தை ஆறு பேரும் கோயில் சட்டம்போலக் காத்தோம். கொதித்து வழிகிற பருப்பைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றவன் நான்.

ஆட்டத்துக்குள் சில நுணுக்கங்கள் உண்டு. மேல் மூலையில் ஒரு யன்னல், சிலவேளை அதற்குள்ளால் ஒரு முயல் எட்டிப் பார்க்கும். முயல் பார்க்கும்போது முட்டை உடைந்தால் அரைப் பிழைதான். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று பெரியவர் சொல்லுவார். இருநூறு வந்தால் அதுவரை செய்த பிழையெல்லாம் அழிந்துபோகும். ஐந்நூறில் இன்னொரு தடவை. நூறு தாண்டவே எங்களுக்கு முக்கல் முனகல். அண்ணைக்கு மட்டும் கை அப்படி வாய்த்திருந்தது. எழுநூறு எண்ணூறுக்கு அநாயாசமாகப் போவார். அவர் சமைத்த நாட்கள், களைத்துப்போய்க் கண்ணைத் திறக்க ஏலாமல் ஆடிய நாட்கள்தான்.

வந்த முதல் வருடமே மகளுக்கு ஒரு சாமான் இருக்கிறதென்று அண்ணை வீட்டுக்கு எழுதிவிட்டார். நரி, கோழி, ஆயிரம் முட்டை, படம் எல்லாம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து மனைவியின் கையெழுத்தில் பதில் வந்தது. நீல ஏரோகிராமின் அடியில் பென்சிலால் ஒரு நரி. வாலுக்குத் தாளில் இடம் போதாமல் மடிப்பைத் தாண்டி மற்றப் பக்கத்துக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே, தான் வருமட்டும் ஆயிரம் அடிக்க வேண்டாமென்று பிள்ளை சொல்லச் சொன்னாள், என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணை ஆயிரத்துக்குப் போகவில்லை. தொள்ளாயிரத்தைத் தாண்டினதும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, சாமானை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்று. முட்டைகள் உடைந்து, ஆட்டம் நிற்கும். வீட்டுக்கு எழுதும்போது, நரி இந்தக் கிழமை தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பிடித்தது, உனக்காக நிற்கிறது என்று ஒரு வரி சேர்ப்பார். மகள் வரும்வரை அந்தப் படம் திறக்கப்படாமல் இருக்கவேண்டும். அவருக்கு லண்டனில் காவல் காக்க இருந்தது அது ஒன்றுதான். கேஸ் வக்கீலின் கையில். மனைவியும் பிள்ளையும் ஊரில், யுத்தத்துக்குள். இது மட்டும் அவரின் இரண்டு பெருவிரலில் இருந்தது.

என் பிழை மூன்றாம் வருடத்தில் நடந்தது. சளிக்காய்ச்சலோடு வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்த ஒரு பகல். எல்லாரும் வேலை. அண்ணையின் தலையணைக்குப் பக்கத்தில் சாமான் இருந்தது. காய்ச்சல்காரனின் கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நூறு தாண்டியது, முந்நூறு தாண்டியது. முட்டையைப் பார்க்கத் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு உருளலுக்கும் ஒரு சின்னச் சத்தம், காதை அதில் வைத்தால் கை தானாகப் போகும். எண்ணூறில் தேத்தண்ணி ஆறிப்போனது. தொள்ளாயிரத்தில் நிற்பாட்டுவேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தொள்ளாயிரத்து ஐம்பதில் என்றேன் பிறகு. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அடுத்த முட்டை கூடைக்குள் விழுந்தது. இலக்கம் சைபரானது.

படம் இல்லை. ஒரு இசைகூட இல்லை. கோழிகள் அந்தந்த இடத்தில் இருந்தன. முதல் முட்டை, ஆட்டம் தொடங்கிய மாதிரியே, ஆறுதலாக உருண்டு வந்தது. நான் பிடிக்கவில்லை. சாமானைத் துடைத்து, இருந்த இடத்தில் இருந்த சாய்விலேயே வைத்துவிட்டுப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டவன் மாதிரி.

யாருக்கும் சொல்லவில்லை. அண்ணை தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் விரலை எடுத்து முட்டைகளை உடையவிடும்போதெல்லாம் நான் எழும்பிப் போய்க் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

வருடங்கள் போயின. எப்படிப் போயின என்று கேட்டால், ஷிப்ட் ஷிப்டாகப் போயின. பாதை பூட்டு, தபால் இல்லை என்று ஊரிலிருந்து கடிதம் நாலு மாதம், ஐந்து மாதம் பிந்தியது. கொழும்பு போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள், அது அங்கிருந்து வரும். அண்ணைக்கு முடி கொட்டியது. பாண் தட்டு தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கம் இறங்கியது. பற்றறி ஓய்ந்துபோனால் ஹை ஸ்ரீட்டில் மணிக்கூடு திருத்துகிறவரிடம் போய் இரண்டு பொத்தான் பற்றறி வாங்கிவருவார். எத்தனையாவது பற்றறி என்று பெரியவர் கேட்டால், என்ர கேஸ் முடியேக்க எண்ணிப்பாப்பம் என்பார்.

ஐந்தாம் வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நானும் அண்ணையும் மட்டும் வீட்டில். சமையல் முறை ஆட்டத்தில் அண்ணை முப்பதிலேயே தோற்றிருந்தார், அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுப்பில் சோற்றை வைத்து நெருப்பைக் குறைத்துவிட்டு, குசினி யன்னலடியில் சாமானோடு இருந்தார். அந்தக் கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, யன்னல் வெளிச்சம் வேண்டும். முதல்நாள் வந்த கடிதம் அவரின் சட்டைப்பையில் இருந்தது. பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது, இப்போது நரியைப் பற்றிக் கேட்கிறதில்லை என்று மனைவி எழுதியிருந்தாராம்.

"இண்டைக்கு விரலை எடுக்கமாட்டன் தம்பி," என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆயிரத்தையும் ஒருக்காப் பாப்பம்."

"பிள்ளை வரட்டும் அண்ணை."

"வரேக்க அவளுக்குக் கலியாண வயசு வந்திடும். எனக்குக் களைச்சுப்போச்சு. இஞ்ச வந்து இந்த அஞ்சு வரியத்தில ஒண்டையாவது முடிவுமட்டும் பாத்தனெண்டு இருக்கட்டும்."

முடிவில் ஒன்றுமில்லை என்று சொல்லலாமா? எண்ணூற்று எழுபது என்றார். நான் அடுப்படியில் நின்றேன். தொள்ளாயிரத்துப் பத்து என்றார். அவரின் பெருவிரல்கள் ஒரு தவறும் விடவில்லை. வெளியே பஸ் ஒன்று நின்று போனது. தொள்ளாயிரத்து நாற்பதில் நான் பின்பக்கமாகக் கையை நீட்டி, அடுப்பு நெருப்பை முழுதாகக் கூட்டிவிட்டேன்.

அந்த வீட்டுச் சட்டத்தை முறித்தவன் நான் ஒருவன்தான்.

தண்ணீர் வற்றின சோறு. கரிகிற மணம் வர அதிக நேரம் எடுக்கவில்லை.

"தம்பி, சோறு அடிப்பிடிக்குது. நிப்பாட்டு."

"உங்கட முறை அண்ணை," என்றேன். "நான் கை வைக்கேலாது."

ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வாயில் நான் கேட்டது அது ஒன்றுதான். எழும்பினார், சாமான் கையோடுதான் இருந்தது, ஆனால் பானை மூடியைத் தூக்க ஒரு கை வேண்டியிருந்தது. மூன்று முட்டைகள் அடுத்தடுத்து உடைகிற சத்தம் கேட்டது. தொள்ளாயிரத்து எழுபத்தொன்று.

முழுக்கத் திறந்திருந்த திருகைப் பூட்டி நெருப்பை நூர்த்தார். நூர்த்துவிட்டு, அந்தத் திருகைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோப்பை கழுவப் போனேன். அவர் மேலே இருந்த நல்ல சோற்றை எனக்குப் போட்டு, அடியில் கரிந்ததைத் தனக்குச் சுரண்டிக்கொண்டார். அடுத்தநாள் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று என்று ஒரு வரி இருந்தது.

அவருக்குக் கேஸ் சரிவந்து, மனைவியும் மகளும் வந்து சேரும்போது அந்தப் பிள்ளைக்கு ஒன்பது முடிந்திருந்தது. மோர்டனில் ஒரு சின்ன பிளாட் எடுத்துப் போனார்கள். நான் ஈஸ்ட் ஹாமிலேயே கிடந்தேன், பாதி லண்டனைக் கடந்து போய்வர வேலைநாளில் ஏலாது. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் சாப்பிடக் கூப்பிடுவார்கள், போவேன்.

பிள்ளை சாமானைக் கையில் எடுத்த முதல்நாள் பன்னிரண்டில் மூன்றையும் உடைத்துவிட்டு, இதுதானோ அப்பா என்று கேட்டாளாம். அண்ணை போனில் சொல்லும்போது சிரித்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. அப்போது கடைகளில் நிறம் நிறமாக விளையாட்டுகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரிடமும் இருந்தன. ஆனால் புதுப் பாஷை, புதுப் பள்ளிக்கூடம், பேச ஆளில்லாத பிள்ளை. விடுமுறை மழையில் அவளுக்கு நரியைத் தவிர வேறு தோழர் கிடைக்கவில்லை. தகப்பனின் விரல் அவளுக்கும் இருந்தது. ஆறு மாதத்தில் எழுநூறு.

நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முந்தி, அவள் யன்னலடியில் இருந்து ஆடிக்கொண்டிருந்தாள். தொள்ளாயிரம் எப்போதோ தாண்டிவிட்டது. அண்ணை சோபாவின் விளிம்பில் இருந்தார். அவர் மனைவி குசினிக்குள். எனக்கு எழும்பிப்போக வேண்டும்போல இருந்தது, ஆனால் அந்த வீட்டில் கழுவக் கோப்பை இருக்கவில்லை. தொண்ணூற்றெட்டு என்றாள். தொண்ணூற்றொன்பது என்றாள்.

பிறகு சாமானை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"அப்பா, இது திரும்பச் சைபருக்கு வந்திட்டுது."

"ஓமோ," என்றார் அண்ணை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"படம் ஒண்டும் வரேல்லை."

"வரேல்லைத்தான் அம்மா. நீ வருமட்டும் பாக்காம வச்சிருந்தன். ஆயிரம் அடிக்க வேண்டாமெண்டு நீதானே எழுதினனீ."

பிள்ளை கண்ணாடியை விட்டு நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "நானோ?" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்லையே."

சைபரிலிருந்து முட்டைகள் உருண்டு வந்து ஒவ்வொன்றாக உடைந்தன. அந்த வருடங்கள் முழுக்க அவர் விரலை எடுத்து உடையவிட்ட முட்டைகள் எத்தனை என்று என் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டது.

குசினிக்குள் தண்ணீர்க் குழாய் நின்றது. மனைவி கையைச் சேலையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

"அவளுக்கு அப்ப மூண்டு வயசு," என்றார். "ஆயிரமெண்டா என்னெண்டு அவளுக்குத் தெரியுமே? அது நான் எழுதினது. கடிதத்துக்குக் கடிதம் கேஸ் முடிஞ்சிடும், எல்லாம் கெதியில முடிஞ்சிடும் எண்டுதானே எழுதினீங்கள். எல்லாத்தையும் அங்க தனிய முடிச்சுப்போட்டு, எங்களை மறந்துபோவீங்களோ எண்டு எனக்குப் பயம். ஒண்டையாவது முடிக்காம வச்சிருக்கட்டுமெண்டு எழுதினன்."

"அந்தப் பென்சில் நரி கீறினது?" என்றார் அண்ணை.

"அது அவள்தான் கீறினவள். வாலை மட்டும் நான் இழுத்துவிட்டனான்."

அண்ணை தலையை ஆட்டினார். ஒருதரம் அல்ல, கனநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார், பஸ்ஸில் நித்திரை தூங்குகிறவரைப் போல. சாமானை மகளிடமிருந்து வாங்கித் தகட்டைப் பெருவிரலால் துடைத்தார். பொத்தான்களைச் சுற்றி அந்தத் தகடு தேய்ந்து வேறு நிறமாகியிருந்தது. அதில் கொஞ்சம் என்னுடைய தேய்ப்பும் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி முந்திவிட்டார்.

"காணும், விடுங்கோ, எழும்புங்கோ. தம்பி, சோறு அடுப்பில கிடக்கு, ஒருக்கா இறக்கிவிடுங்கோ, நான் இலையைக் கழுவுறன்."

"அவனை அடுப்புக்குக் கிட்ட விடாதையும்," என்றார் அண்ணை, என்னைப் பார்க்காமல். "உவன் ஒருக்கா எனக்குச் சோறு எரிச்சவன்."

அண்ணிக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கும் விளங்கவில்லை. நான் எழும்பின இடத்திலேயே திரும்ப இருந்தேன். அண்ணை சாமானை மகளின் மடியில் வைத்துவிட்டு, இறங்கிப்போன அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு, சோறு இறக்கப் போனார்.